போன் அக்கா குழுவில் போட்ட ஒரே செய்தி

போன் அக்கா ஓடிப்போய்விட்டாள் என்ற சேதி ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாகத்தான் போன் அக்காவிடம் வந்தது.

கொண்டுவந்தவர் அவள் கணவர். அவரிடம் சொன்னவர் எதிர்க் கட்டிடத்துக் காவலாளி. காவலாளியிடம் சொன்னவர் பால் வண்டிக்காரர். பால் வண்டிக்காரருக்கு யார் சொன்னார்கள் என்றால், "எல்லாரும்தான் சொல்றாங்க." ஆற்றுத் தண்ணீர் ஆஸ்பத்திரி வீட்டுக்குள் புகுந்துவிட்டதாம். தங்கியிருந்த நோயாளிகளை ஏதோ ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் இறக்கிவிட்டு வீட்டைப் பூட்டிவிட்டார்களாம். பாஸ்டர் ஒரு பக்கம், போன் அக்கா ஒரு பக்கம் என்று மேட்டுத் தெருவில் சொந்தக்காரர் வீடுகளில் போய் ஒண்டிக்கொண்டார்களாம்.

"நீ ஓடிட்டியாம்," என்றார் கணவர், படிக்கட்டில் நின்று பேண்ட்டின் காலைப் பிழிந்தபடி. "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கூட வந்திருப்பேன்."

போன் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. முழுப் பொய்யென்றால் உதறித் தள்ளிவிடலாம். இதில் பாதி நிஜம் கலந்திருந்தது. தண்ணீர் வந்தது நிஜம். கீழ்த் தளத்துச் சமையலறையில் கணுக்காலுக்கு மேல் நின்றது. நோயாளிகளை இடம் மாற்றியதும் நிஜம்தான், ஆனால் மாடிக்கு. முதல் மாடிக் கூடத்தில் மெத்தைகளை நெருக்கிப் போட்டு, சுவரில் சாய்ந்து உட்காரவேண்டியவர்களை ஜன்னல் பக்கமும், வாந்தி எடுக்கிறவர்களைக் குளியலறைப் பக்கமும் பிரித்து வைத்திருந்தாள். இத்தனையும் செய்துவிட்டு ஓடிப்போனவள் என்று பெயர் வாங்குவது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அதைவிடப் பெரிய முள் ஒன்றும் இருந்தது. இந்தச் சேதி தாங்குகிறவர்கள் காதுக்கும் போயிருக்குமே.

தாங்குகிறவர்கள் என்றால், அந்த வீட்டின் ஊழியத்தைத் தாங்குகிறவர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், சந்துக்குள் இருக்கும் ஒடுக்கமான மூன்று மாடி வீடு அது. ரேடியேஷனுக்கும் ஊசிக்கும் தூரத்திலிருந்து வருகிறவர்கள் வைத்தியம் முடிகிற வரை அங்கே இலவசமாகத் தங்கலாம். வீட்டை நடத்துவது பாஸ்டர். ஆனால் நடப்பது தாங்குகிறவர்களால். ஒருவர் ரொட்டி அனுப்புவார். ஒரு முடிதிருத்துபவர் வந்து, கொட்டிக்கொண்டிருக்கும் முடியை முழுசாக மழித்து, "இப்பத்தான் முகமே தெரியுது" என்று சொல்லிவிட்டுப் போவார். படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு அம்மா ஒவ்வொரு நோயாளிக்காகவும் பெயர் சொல்லி ஜெபிப்பார். எல்லோருக்கும் வயதாகிவிட்டது. பாதிப்பேர் தனியாக இருந்தார்கள். சிலர் வேறு தேசங்களில்.

இவர்களையெல்லாம் கட்டிப்போட்டிருந்தது போன் அக்காவின் குரல். இளவயதில் ஒரு பெரிய ஓட்டலில் தொலைபேசி இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தவள். எந்த அறைக்காரர் குரலையும் "ஹலோ"விலேயே பிடித்துவிடுவாள். ஓட்டலை மூடிய வருஷம் தங்கையின் வைத்தியத்துக்காக இந்த வீட்டில் வந்து தங்கினாள். தங்கை குணமாகி ஊர் போய்ச் சேர்ந்தாள். அக்கா போகவில்லை. வீட்டில் போன் அடித்தபடி இருக்க யாரும் எடுக்காததைப் பார்த்து அவளுக்குக் கை துறுதுறுத்ததாம். அன்றைக்கு எடுத்த ரிசீவரை இன்னும் கீழே வைக்கவில்லை என்பது கணவரின் கணக்கு.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. குழுச் செய்தி அனுப்பமாட்டாள். பாஸ்டர் வயதில் சின்னவர், போனில் கட்டைவிரல் ஓட்டுவதில் சூரர். தாங்குகிறவர்கள் எல்லோரையும் ஒரு குழுவில் சேர்த்து, தினமும் காலையில் பூப் படம் போட்ட வசனம் அனுப்புவார். போன் அக்கா அந்தக் குழுவில் இருந்தாள், வாய் திறந்ததில்லை. ஒரே செய்தியை எல்லோருக்கும் அனுப்புவது ஓட்டலில் தீ மணி அடிப்பது மாதிரி என்பாள். எல்லோரும் கேட்பார்கள், ஒருவரும் பதில் சொல்லமாட்டார்கள். முழங்கால் வலிக்காரரிடம் முழங்காலைக் கேட்கவேண்டும். மருமகளோடு முறுக்கிக்கொண்டிருக்கிற அம்மாவிடம் மருமகளைக் கேட்காமல் பேரனைக் கேட்கவேண்டும். அது ஆள் ஆளாகத்தான் முடியும்.

வதந்தியைக் கேட்டதும் பாஸ்டர் கீழே தண்ணீரிலிருந்து அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "ஒரே மெசேஜ் போட்டுடலாம்க்கா. எல்லாரும் நலம், வீடு திறந்திருக்கு. முடிஞ்சுது."

"போடுங்க பாஸ்டர். ஓடிப்போனவங்களும் அதையேதான் போடுவாங்க."

பாஸ்டர் மூட்டையைத் தோளில் மாற்றிக்கொண்டு மாடியேறினார். போன் அக்கா மாடிப்படியில், ஜன்னலை ஒட்டிய படியில் உட்கார்ந்தாள். வீட்டுக்குள் அங்கே மட்டும்தான் டவர் ஒழுங்காகக் கிடைத்தது. கரண்ட் போய் வெகுநேரமாகிவிட்டது. போனில் இருந்த உயிர் பாதிக்கும் கீழே. இருந்தாலும் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தாள்.

வதந்தி அவளுக்கு முன்பே எல்லா வீட்டுக்கும் போய் உட்கார்ந்திருந்தது. ரொட்டிக்காரர் பேச்சிலேயே ஒரு விறைப்பு. உங்க வீட்ல தண்ணி வந்துச்சா, மாவு நனைஞ்சுதா என்று அவள் கேட்கக் கேட்கத்தான் இளகினார். படுக்கையில் இருக்கும் அம்மா, நீ ஓடியிருந்தாலும் நான் கோபப்படமாட்டேன், எங்கே இருக்கிறாய் என்று மட்டும் சொல் என்றார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கரையோர ரோட்டில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் தம்பி தன் மனைவியின் அறுவை சிகிச்சை தள்ளிப்போனதைச் சொல்லி அழுதே விட்டான். அவனோடு பேசியதில் போனில் இருந்த சார்ஜ் மளமளவென்று இறங்கியது. அவள் அவசரப்படுத்தவில்லை. எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவர்களாகவே, "அப்போ நீங்க அங்கதான் இருக்கீங்க" என்றார்கள். வதந்தியைப் பற்றி அவளாக ஒரு வார்த்தையும் எடுக்கவேண்டியிருக்கவில்லை.

அப்புறம் இன்ஜின் ஐயாவைக் கூப்பிட்டாள்.

இன்ஜின் ஐயா ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு ஒரு பழைய வேனை வாங்கி, நோயாளிகளை ஆஸ்பத்திரி வாசலுக்கும் வீட்டுக்குமாக ஏற்றி இறக்குவதையே வேலையாக வைத்துக்கொண்டவர். வேனை எடுக்கும் முன் இரண்டு பக்கமும் பார்த்து "ரைட்" என்று தனக்குத்தானே சத்தமாகச் சொல்லிக்கொள்வார். கொஞ்ச நாளாக நெஞ்சுச் சளி, மூச்சிரைப்பு. ஆற்றுக்கு இந்தப் பக்கம், தண்ணீர் ஏறாத ஒரு அடுக்குமாடியின் நான்காவது மாடியில் தனியாக இருந்தார். அவருடைய ஒரே மகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். அவளுக்கு ஆஸ்பத்திரி வீட்டின் மேல் அவ்வளவு பிரியம் இல்லை. ஒருமுறை அப்பாவைப் பார்க்க வந்தவள், அவர் நோயாளியை இறக்கிவிட்டு வரட்டும் என்று வாசலில் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, போன் அக்காவிடம் நிதானமாகச் சொன்னாள்: "உங்களுக்கு இத்தனை பேர்ல எங்கப்பாவும் ஒருத்தர். எனக்கு இருக்கிறதே ஒருத்தர்தான்." 

மணி போய், எடுத்தது வேறு குரல். ஒரு பெண். பக்கத்து வீட்டு டீச்சர் என்று சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. மற்றதெல்லாம் துண்டு துண்டாக. ஐயா ராத்திரியெல்லாம் ரொம்ப அவஸ்தைப்பட்டார், மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது, ஆம்புலன்ஸ் வர வழியில்லை, நான்தான் கூடவே இருந்தேன்.

"இப்போ எப்படி இருக்காங்க?"

"விடியும்போதுதான்…" ஒரு கரகரப்பு. "…நித்திரை ஆனார். என் கையைப் பிடிச்சபடியே. முகத்தில இப்பதான் ஒரு அமைதி."

போன் அக்கா ஜன்னலோடு ஒட்டி நின்றாள். டீச்சர் இன்னும் ஏதோ சொன்னார். கர்த்தருக்கு நன்றி என்பது காதில் விழுந்தது. பிறகு கோடு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டாள். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடியும் அதுவே.

சபைக்குப் போகிறவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தூக்கத்துக்குத் தூக்கம் என்றுதான் பெயர். நித்திரை என்று யாரும் சும்மா சொல்வதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் பாஸ்டர் குரலைத் தாழ்த்தி, நம் சகோதரர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்பார், உடனே பெண்கள் வரிசையில் ஒருவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார். போன் அக்கா வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லை அப்படித்தான் கேட்டிருக்கிறாள். வேறு அர்த்தம் இருக்கும் என்று அவள் காதுக்குத் தோன்றவேயில்லை.

கணவர் வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். விஷயத்தைக் கேட்டு, நக்கல் எதுவும் பேசாமல், தலையைக் குனிந்துகொண்டார். கெட்டுப்போன வேனை ஐயாவும் அவருமாகச் சேர்ந்து எத்தனையோ தடவை உருட்டியிருக்கிறார்கள்.

ஐயாவின் தங்கைக்குச் சொல்லவேண்டும் என்று போன் அக்கா முதலில் அவரைத்தான் கூப்பிட்டாள். வெளியூரில் இருக்கும் அந்த அம்மாவும் தாங்குகிறவர்களில் ஒருவர், குழுவிலும் உண்டு. அவர் எண் வேறொரு அழைப்பில் இருந்தது. மகளின் எண் இவளிடம் இல்லை. அவளுக்கு டீச்சரே சொல்லியிருப்பார் என்று நினைத்தாள். போன் சிவப்பு காட்டியது. இன்னும் ஒருவரிடம் பேசலாம், இரண்டு பேர் சந்தேகம். காலையில் தன்னைப் பற்றிக் கிளம்பிய வதந்தி என்ன வேகத்தில் ஓடியது என்று யோசித்துப் பார்த்தாள். ஐயா போன சேதியும் பால் வண்டியில் ஏறி, கை கால் முளைத்து, கவனிக்க ஆளில்லாமல் செத்தார் என்று ஆகிவிடும். அவரைத் தெரிந்தவர்கள் அதை அவள் வாயால் கேட்கவேண்டாமா.

பாஸ்டரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையேதான் சொன்னார். "ஒரு தடவைதானேக்கா. போடுங்க."

அவள் போட்டாள். ஒவ்வொரு எழுத்தாகத் தேடி. நம் அருமை இன்ஜின் ஐயா இன்று விடியற்காலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மகளுக்கும் குடும்பத்துக்கும் ஆறுதலுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். அனுப்பிவிட்டுப் போனைக் கணவரிடம் கொடுத்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய வேலை வண்டி சந்து முனையில் மேடான இடத்தில் நின்றது, அதில் சார்ஜ் ஏற்றலாம். இடுப்பளவு தண்ணீரில் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு அவர் போவதை ஜன்னலில் நின்று பார்த்தாள்.

போன் கையில் இல்லாத நேரம் அவளுக்குப் பழக்கமில்லை. கூடத்தில் ஒரு நோயாளிக்குக் கஞ்சி ஊட்டினாள். இன்னொருவருக்குக் காலை நீட்டித் தலையணை வைத்தாள். ஒரு இளம்பெண், அந்த வேன் தாத்தா இன்றைக்கு வருவாரா என்று கேட்டாள். தண்ணி வடியட்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போன் அக்கா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கணவர் திரும்பி வந்தபோது போனில் பாதிக்கு மேல் ஏறியிருந்தது. குழுவில் ஆறுதல் வார்த்தைகள், கூப்பிய கைகள், மெழுகுவர்த்திகள் நிரம்பி வழிந்தன. ஐயாவின் தங்கை பலமுறை கூப்பிட்டிருந்தார். அவரைக் கூப்பிட விரல் வைக்கும்போதே போன் அடித்தது. திரையில் இன்ஜின் ஐயாவின் எண்.

டீச்சர்தான் என்று எடுத்தாள். "சொல்லுங்க டீச்சர்."

"டீச்சர் டீ போட்டுட்டு இருக்காங்கம்மா. நான்தான். காலையில கூப்பிட்டியாமே."

அந்தக் குரலை அவள் எந்தக் கூட்டத்திலும் அடையாளம் கண்டுபிடிப்பாள். இருந்தும் போனைக் காதிலிருந்து எடுத்து எண்ணை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"ஐயா?"

"ஆமாம்மா. நல்லாத் தூங்கிட்டேன். எத்தனை நாளைக்கப்புறமோ. யாரும் எழுப்பக்கூடாதுன்னு இந்த டீச்சர் என் போனையே அமத்தி வச்சுட்டாங்க. அவங்க பேச்சே தனி. தூக்கம்னு சொல்லத் தெரியாது. நித்திரை கொள்ளுங்க, நித்திரை கொள்ளுங்கன்னு ராத்திரி பூரா…" ஐயா இருமினார். "என்னம்மா, லைன்ல இருக்கியா?"

லைனில்தான் இருந்தாள்.  டீச்சர் வீட்டில் தூக்கத்துக்குப் பெயரே நித்திரைதான் என்பது அப்போதுதான் விளங்கியது. அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கஷ்டப்பட்டவர் தூங்கினார், முகத்தில் அமைதி வந்தது, கர்த்தருக்கு நன்றி. அவ்வளவுதான் சொன்னார்.

மறைக்க வழியில்லை. சொல்லிவிட்டாள். நான் உங்களைச் சாகடித்துவிட்டேன் ஐயா, எல்லோருக்கும் அறிவித்துவிட்டேன் என்றாள்.  ஐயா சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு இருமலாகி, இருமல் மறுபடி சிரிப்பாகி.

"யார் யாரும்மா அழுதாங்க? முடிவெட்டுறவன் அழுதானா? அவனுக்கு நான் ஒரு குடை தரணும், அதுக்காகவாவது அழுதிருப்பான்."

அவளும் சிரித்திருக்கலாம். ஐயாவின் தங்கை அத்தனை முறை கூப்பிட்டது ஞாபகம் வந்துவிட்டது. அப்புறம் கூப்பிடுகிறேன் ஐயா, போனை அமத்திவிடாதீர்கள் என்று சொல்லி வைத்தாள்.

அதற்குள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாஸ்டர் தன் போனை எடுத்து, கட்டைவிரலை ஓட்டி, குழுவில் ஒரு திருத்தம் போட்டுவிட்டார். நம் இன்ஜின் ஐயா உயிரோடிருக்கிறார், கர்த்தருக்கே மகிமை. கொஞ்ச நேரத்தில் பதில்கள் வர ஆரம்பித்தன. ஆமென் என்றது ஒன்று. ஆம், அவருக்குள் என்றென்றும் உயிரோடிருக்கிறார் என்றது இன்னொன்று. மரணம் அவரை ஜெயிக்கவில்லை, அல்லேலூயா என்று ரொட்டிக்காரர் எழுதியிருந்தார். முடிதிருத்துபவர் மேலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தார்.

பாஸ்டர் போனை வெறித்துப் பார்த்தார். "அக்கா, இவங்க நான் சொல்றதை நம்பல."

"நம்புறாங்க பாஸ்டர். அதான் பிரச்சினை."

அவள் ஐயாவின் தங்கையைக் கூப்பிட்டாள். அந்த அம்மா எடுத்ததும் அழுதார். அண்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை, அவர் நன்றாக இருக்கிறார் என்று போன் அக்கா சொல்ல, ஆமாம்மா, இனி அவருக்கு என்ன குறை, வலியில்லாத இடத்துக்குப் போய்விட்டார் என்றார். இல்லைம்மா, உயிரோடு இருக்கிறார் என்றாள். பாஸ்டரும் அதைத்தான் எழுதியிருந்தார், படித்துத் தேற்றிக்கொண்டேன் என்றார் அந்த அம்மா. இத்தனை வருஷமாக இவர்களைத் தேற்றுவதற்கென்று சேர்த்துவைத்த சொற்கள் எல்லாம் இப்போது குறுக்கே நின்றன. எதைத் தொட்டாலும் அது ஆறுதலாகவே போய் விழுந்தது.

"அம்மா, நான் சொல்றதைக் கேளுங்க. உங்க அண்ணன் இருமுறார். டீ குடிச்சுட்டு இருக்கார். முடிவெட்டுறவருக்கு ஒரு குடை தரணும்னு இப்பதான் என்கிட்ட சொன்னார்."

அழுகை நின்றது. "டீயா?" என்றார் அந்த அம்மா. அதன் பிறகு அவர் குரலே மாறிவிட்டது. "ஐயோ, அப்போ அந்தப் புள்ள."

அண்ணன் மகளுக்கு அவர்தான் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கத்தவில்லை, அழவில்லை. சரி அத்தை என்று மட்டும் சொல்லிக் காரை எடுத்துவிட்டாள். பாலத்தை மூடிவிடுவார்கள், போகாதே என்று இவர் கெஞ்ச, மூடுவதற்குள் தாண்டிவிடுகிறேன், அப்பாவைக் கடைசியாகவாவது யாரோடும் பங்கு போடாமல் நான் பார்க்கவேண்டும் என்றாளாம். அதைத்தான் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார் போன் அக்காவை, ஒரு தடவை இல்லை, பல தடவை. போன் அப்போது லிஃப்ட் மெக்கானிக்கின் வண்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

மகளின் எண்ணை வாங்கிக் கூப்பிட்டாள். மணி போனது. எடுக்கவில்லை.

ஐயாவைக் கூப்பிட்டாள். இந்தமுறை அவர் சிரிக்கவில்லை. அவர் போன் அணைந்திருந்த நேரத்தில் மகள் கூப்பிட்டிருந்ததை அப்போதுதான் பார்த்தாராம். திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாராம்.

"எடுக்க மாட்டாம்மா. ஸ்டீயரிங் பிடிச்சா போனைத் தொடமாட்டா. கத்துக்க வர்றவங்களுக்கும் அதுதான் முதல் பாடம். அவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது? நான்தான்." இழுத்து மூச்சு விட்டார். "அதுவும் என் நம்பர்ல இருந்து வந்தா என்ன நினைப்பா? செத்தவன் போன்ல யாரோ பேசுறாங்கன்னு நினைப்பா. சீக்கிரம் வான்னு சொல்றாங்கன்னு நினைச்சு இன்னும் அழுத்தி மிதிப்பா."

எந்த வழியாக வருவாள் என்று கேட்டாள். ஐயா யோசிக்கவேயில்லை. பாலத்துக்கு இரண்டு வழி. மேட்டு வழி சுற்று. ஆற்றை ஒட்டிய தாழ்ந்த ரோடு நேர் வழி, ரயில் பாதைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். சின்ன மழைக்கே அந்தப் பள்ளம் குளமாகிவிடும், மேலே ரயிலில் போகும்போது எத்தனையோ வண்டிகள் அதில் மாட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறார். அவசரத்தில் இருக்கிறவள் நேர் வழியைத்தான் எடுப்பாள். 

"நான் உசுரோட இருக்கேன்னு அவகிட்ட எப்படியாவது சொல்லிடும்மா."

போன் அக்கா மனசுக்குள் அந்த வழியை ஓட்டிப் பார்த்தாள். அந்த ரோட்டில் யார் இருக்கிறார்கள்? பெட்ரோல் பங்க் தம்பி. பள்ளத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அவன் பங்க். காலையில் அவன் அழுத அழுகைக்கு இவள் அவசரப்படாமல் காது கொடுத்திருந்தாள். முதல் மணியிலேயே எடுத்தான்.

கூரையில் டிரைவிங் ஸ்கூல் பலகை வைத்த கார் வந்ததா என்று கேட்டாள். வந்ததுக்கா என்றான். பெட்ரோல் போட நிற்கவில்லை, வேகமாகத் தாண்டியது, பயிற்சி வண்டி இப்படிப் பறக்கிறதே என்று பார்த்தேன், அதனால்தான் ஞாபகம் இருக்கிறது. எவ்வளவு நேரமாச்சு என்றதற்கு, இப்பத்தான், கொஞ்சம் முன்னாலதான் என்று இழுத்தான். வழியை அடைத்துவிட்டார்களா?

"அந்தக் கார் போனப்புறம்தான்க்கா போலீஸ் வந்து தடுப்பு வச்சாங்க. இப்போ யாரையும் விடல." அவன் குரல் தாழ்ந்தது. "யாருக்கா அதுல?"

சொன்னாள். அவன் ஒன்றும் கேட்காமல், தடுப்பு வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டான். தண்ணீரில் இறங்காதே, உன் மனைவிக்கு நீ வேணும் என்று அவள் சொன்னது அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை.

இனிக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் பாக்கி, அந்த மகள். ஐயாவிடம் சொல்லிவைத்தாள்: இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் யாருக்கும் லைன் கிடைக்காது, உங்கள் முறை ஒன்று, என் முறை ஒன்று. ஐயா சரி என்றார். ஒரு தடவை அவர் கூப்பிட்டு, எடுக்கலம்மா என்று இவளுக்குச் செய்தி அனுப்புவார். பிறகு இவள். பிறகு அவர். எடுத்தால் முதலில் என்ன சொல்வது என்று அவள் யோசித்துப் பார்த்தாள். உயிரோடிருக்கிறார் என்று சொல்லக்கூடாது. நன்றாக இருக்கிறார் என்றும் கூடாது. சபைப் பேச்சு எதுவும் வாயில் வந்துவிடக்கூடாது. வண்டியை நிறுத்து, உங்கப்பா தூங்கி எழுந்துட்டார். அதைத்தான் சொல்லவேண்டும். அதைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

கூடத்திலிருந்து யாரோ தண்ணீர் கேட்டார்கள். பாஸ்டர் போனார். கணவர் ஈரப் பேண்ட்டோடு கீழ்ப் படியில் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மழை விட்டபாடில்லை.

"மணி போகுதா?"

போகுது என்று தலையாட்டினாள்.

"அடிக்கிற வரைக்கும் அவ போன் நனையல," என்றார் அவர். "அப்படித்தான். அடிக்கட்டும்."

அழைப்பு தானாக அறுந்தது. ஐயாவிடமிருந்து செய்தி வந்தது, எடுக்கலம்மா என்று. அவள் முறை. பெட்ரோல் பங்க் தம்பி இன்னும் கூப்பிடவில்லை. எண்ணை அழுத்தி, போனைக் காதோடு இறுக்கி, இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டாள். மறுமுனையில், ஆற்றுக்கு அந்தப் பக்கமோ, பாலத்திலோ, பள்ளத்திலோ, ஒரு காரின் பக்கத்து இருக்கையில் மணி அடித்துக்கொண்டிருந்தது.